கியர் பாக்ஸ் ஜிஎல்-4 கேட்டால் ஜிஎல்-5 ஊற்றலாமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டது: "கையேட்டில் 75டபிள்யூ-80, ஜிஎல்-4 என்று போட்டிருக்கிறது. கடையில் 80டபிள்யூ-90, ஜிஎல்-5 மட்டும்தான் இருக்கிறது. 'நாலைவிட அஞ்சு பெருசு சார், தைரியமா ஊத்துங்க' என்கிறார் கடைக்காரர். ஊற்றலாமா? முன்சக்கரத்தில் ஓடும் சின்ன கார், 70,000 கிலோமீட்டர் ஆகிறது."

12 நவம்பர் 2023, இரவு 9.40

ஊற்ற வேண்டாம். (ஜிஎல் எண் கியர் ஆயிலின் வகுப்பு, 75டபிள்யூ-80 என்பது அதன் கெட்டி.) எனக்குத் தெரியாமல் என் வண்டியில் ஊற்றிவிட்டார்கள், அதன் பலனை ஐந்து மாதமாகக் கையில் உணர்ந்துகொண்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

என்னுடையது 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், ஐந்து கியர், 94,000 ஓடியிருக்கிறது. ஜூனில் சர்வீஸ் விட்ட இடத்தில் பில்லில் "கியர் ஆயில் மாற்றியது" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். எந்த ஆயில் என்று பில்லில் இல்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, காலையில் வண்டி எடுத்து முதல் சிக்னலுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் 'கர்ர்' என்று ஒரு உரசல். மத்தியானம் போய்விடும். அடுத்த நாள் காலையில் மறுபடியும். திரும்பப் போய்க் கேட்டபோது மூலையில் நின்ற டிரம்மைக் காட்டினார்கள். 80டபிள்யூ-90, ஜிஎல்-5. மினி லாரிக்கும் அதுதான், என் காருக்கும் அதுதான்.

ஜிஎல்-5 என்பது ஜிஎல்-4இன் அடுத்த வகுப்பு இல்லை. அது வேறு வேலைக்கான ஆயில். பின்சக்கர வண்டிகளின் பின் ஆக்சிலில் இருக்கும் கிரவுன் பினியன் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல் வழுக்கிக்கொண்டும் போகும், அழுத்தமும் பயங்கரம். அந்தப் பற்களைக் காக்க ஜிஎல்-5இல் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்தைத் தாராளமாகச் சேர்ப்பார்கள், ஜிஎல்-4இல் ஏறத்தாழ அதில் பாதிதான் இருக்கும். டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நாற்றம் இந்தக் கந்தகத்தால் வருவது. நம் கியர் பாக்ஸுக்குள், கியர் மாறும்போது வேகங்களை ஒன்றாக்கும் வளையமான சிங்க்ரோ ரிங் பித்தளை. கந்தகம் பித்தளையை அரிக்கும். அவ்வளவுதான் விஷயம்.

13 நவம்பர், காலை 7.15

நேற்று "அவ்வளவுதான் விஷயம்" என்று முடித்தது தவறு. ஒரு நண்பர் நியாயமாகவே மறுத்திருக்கிறார்: இப்போது வரும் ஜிஎல்-5 ஆயில்களில் கந்தகத்தைக் கட்டுப்படுத்தித்தான் வைத்திருக்கிறார்கள், பித்தளை கரைந்துபோகும் என்பது பழைய பயம் என்கிறார். தேடிப் படித்துப் பார்த்தேன். அவர் சொல்வதில் பாதி சரி.

இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. பளபளவென்று தேய்த்த செம்புத் தகட்டைச் சூடான ஆயிலில் மூழ்கவைத்து, எடுத்து, நிறத்தைப் பார்ப்பார்கள். கியர் ஆயிலுக்கு 121 டிகிரியில் மூன்று மணி நேரம். தகடு லேசாக மங்கினால் 1, கறுத்துப்போனால் 4. ஜிஎல்-5 தேறுவதற்கு 3 வரை அனுமதி உண்டு. சிங்க்ரோ இல்லாத கனரக லாரி, பஸ் கியர் பாக்ஸுகளுக்கான எம்டி-1 என்ற வகுப்புக்கு 2ஏ-வுக்கு மேல் போகக்கூடாது. அதாவது ஒரு ஜிஎல்-5 ஆயில் செம்பிடம் சாதுவாக இருக்கலாம், ஆனால் சாதுவாக இருந்தே தீர வேண்டும் என்று அந்த வகுப்பு அதைக் கட்டாயப்படுத்துவதில்லை. டப்பா லேபிளில் இந்த எண்ணைப் போடுவதும் கிடையாது, எது எப்படி என்று வாங்குகிற நமக்குத் தெரியாது.

ஆனாலும் ஒன்று யோசிக்க வேண்டும். இரண்டே வாரத்தில் பித்தளை அரித்துப்போகாது. என் வண்டி இரண்டு வாரத்திலேயே கத்த ஆரம்பித்தது. அப்படியானால் காரணம் வேறு.

13 நவம்பர், இரவு 10.05

காலையில் விட்ட இடத்திலிருந்து.

சிங்க்ரோ ரிங்கைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். வளையல் மாதிரி ஒரு பித்தளை வளையம். வெளி விளிம்பில் சின்னச் சின்னப் பற்கள். உள்பக்கம் கூம்பாகச் சரிந்திருக்கும், அந்தச் சரிவில் நகத்தை ஓட்டினால் நரநரவென்று தட்டும், ஏனென்றால் போல்ட் மரை மாதிரி மெல்லிய கோடுகள் வெட்டியிருப்பார்கள். நீங்கள் லீவரைத் தள்ளும்போது இந்த ரிங் கியரின் கோன் (கூம்பு) மேல் போய் அழுந்துகிறது. அந்த மரைக்கோடுகள் கோன் மேல் இருக்கும் ஆயிலை வழித்துத் தள்ளிவிட்டு, பித்தளை இரும்பைக் கவ்விப்பிடித்து, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கும். வேகம் ஒன்றாகும் வரை ரிங்கின் பற்கள் வழிமறித்து நிற்கும், ஒன்றானதும் வழிவிடும், கியர் விழும். இத்தனையும் நாம் லீவரைத் தள்ளும் அந்த அரை நொடிக்குள்.

ஆக, உராய்வே கூடாது என்று ஆயில் ஊற்றுகிற பெட்டிக்குள்ளேயே உராய்வு இருந்தே ஆக வேண்டிய ஒரு இடம் இருக்கிறது. கியர் ஆயில் தேர்வின் சூட்சுமம் முழுக்க இதில் அடங்கியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பற்களுக்கு வழுக்க வேண்டும், ரிங்குக்குப் பிடிக்க வேண்டும். பின் ஆக்சிலுக்குள் சிங்க்ரோவே கிடையாது, அதனால் அங்கே ஊற்றும் ஆயில் எவ்வளவு வழுக்கினாலும் கவலை இல்லை. அதையே கியர் பாக்ஸில் ஊற்றினால் ரிங் கோன்மேல் பிடி கிடைக்காமல் வழுக்கும், வேகம் ஒன்றாவதற்குள் நாம் தள்ளிவிடுவோம், 'கர்ர்'.

எனவே முந்தாநாள் வந்த கேள்விக்கு என் பதில் அதேதான், காரணத்தை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். அரிப்பு பின்னால் வரக்கூடிய ஆபத்து. உராய்வு அன்றன்றைக்கே தெரியும் தொல்லை.

16 நவம்பர், மதியம்

"நம்ம ஊரில் பனியா கொட்டுகிறது, 75 என்ன 80 என்ன" என்று கேட்டிருக்கிறார்கள். அந்த எண்களை முதலில் பார்த்துவிடலாம்.

டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் ஆயில் எவ்வளவு இறுகுகிறது என்பது. 75டபிள்யூ என்றால் மைனஸ் 40 டிகிரியிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இறுகாது, 80டபிள்யூவுக்கு அதே அளவு மைனஸ் 26லேயே வந்துவிடும். நமக்கு இரண்டு குளிரும் வராது, உண்மைதான். ஆனால் மைனஸ் 40இல் இளக்கமாக இருக்கும்படி செய்த ஆயில் 20 டிகிரியிலும் இளக்கமாகத்தான் இருக்கும். மார்கழி காலையில் கோவையில் அந்த 20 டிகிரிக்கும் கீழே போகிறது. வழக்கமான 80டபிள்யூ-90 மினரல் ஆயிலின் தரவுத்தாளைப் பார்த்தால் 40 டிகிரியில் 140 சென்டிஸ்டோக் (கெட்டியின் அலகு) பக்கம் இருக்கும், 75டபிள்யூ-80 வகை 50, 60 பக்கம். சூடேறாத பெட்டியில் வித்தியாசம் இதைவிடப் பெரிது. அந்தக் கெட்டியான ஆயிலைத்தான் ரிங்கின் மரைக்கோடுகள் அரை நொடிக்குள் வழித்துத் தள்ள வேண்டும். என் வண்டி காலையில் கத்தி மத்தியானம் அடங்கியது ஏன் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

பின்னால் வரும் எண் 100 டிகிரி சூட்டில் உள்ள கெட்டி. 80 என்றால் 8.5 முதல் 11 சென்டிஸ்டோக் வரை (2019க்கு முன் 7 முதல் இருந்தது), 85 என்றால் 11 முதல் 13.5 வரை, 90 என்றால் 13.5 முதல் 18.5 வரை.

16 நவம்பர், இரவு

மேலே சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும், நிறையப் பேர் குழம்பும் இடம். கியர் ஆயில் 90 என்பதை எஞ்சின் ஆயில் 40ஓடு ஒப்பிட்டு, இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். எஞ்சின் ஆயில் 40 என்பது 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 வரை. அதாவது கியர் ஆயில் 90க்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே கெட்டி. கியர் ஆயில் 80 கிட்டத்தட்ட எஞ்சின் ஆயில் 30. ஒர்க்‌ஷாப்பில் "தொண்ணூறு ஆயில்", "நூத்திநாப்பது ஆயில்" என்று எண்ணை மட்டும் சொல்லிக் கேட்கிற பழக்கம் இருக்கிறது. அதில் ஜிஎல் எண் எங்கேயும் வருவதில்லை. பாதித் தகவலை வைத்துக்கொண்டு வாங்குகிறோம்.

19 நவம்பர்

ஆயில் கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். இதற்குள் ஒரு சம்பவம்.

அப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஆரம்பத்தில் அவர் ஓட்டிய லாரிகளில் சிங்க்ரோ கிடையாது, எல்லாமே டபுள் கிளட்ச்தான். இன்றைக்கு மேட்டுப்பாளையம் வரை கூட வந்தார். காரமடையைத் தாண்டி ஒரு இடத்தில் இரண்டாவதுக்கு இறக்கும்போது கர்ரென்று சத்தம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை சத்தம் கேட்டதும், "தள்ளுப்பா, நான் பார்க்கறேன்" என்று இடம் மாறி உட்கார்ந்தார். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்தார், கிளட்சை விட்டார், ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு, மறுபடி கிளட்ச், இரண்டாவது கியர். சத்தமே இல்லாமல் விழுந்தது. பத்து தடவை செய்தார், பத்து தடவையும் விழுந்தது. சிங்க்ரோ செய்ய வேண்டிய வேலையை அவர் காலால் செய்துவிட்டார்.

"பல்லு நல்லா இருக்கு. ரிங்குதான் புடிக்கலை. ஆயிலை மாத்து" என்றார்.

பெட்டியைப் பிரிக்காமல் நோயைச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. டபுள் கிளட்ச் போட்டும் சத்தம் வந்தால் பல்லிலோ வேறெதிலோ கோளாறு. சத்தம் நின்றால் சந்தேகம் ரிங், ஆயில் இரண்டுக்குள் அடங்கிவிடும். இப்போது நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

26 நவம்பர், மாலை

இன்று மாற்றினேன். 75டபிள்யூ-80, ஜிஎல்-4. ஒரு லிட்டர் டப்பா மூன்று. கோவையில் நான்கு கடை ஏறினேன், மூன்றில் "ஜிஎல்-4/ஜிஎல்-5" என்று இரண்டையும் சேர்த்துப் போட்ட டப்பாவை நீட்டினார்கள். அதை நான் வாங்கவில்லை. ஜிஎல்-5க்குத் தேற வேண்டுமென்றால் அந்த மருந்து முழு அளவில் உள்ளே இருந்தாக வேண்டும், அப்புறம் ஜிஎல்-4 என்றும் எழுதிக்கொள்வதில் என்ன இருக்கிறது? சில நிறுவனங்கள் சிங்க்ரோவுக்கென்றே பார்த்துச் செய்த கலவையில் இரண்டையும் போடுவதும் உண்டு, அப்படியானால் கூடவே எந்தக் கார் நிறுவனத்தின் ஒப்புதல் என்றும் லேபிளில் இருக்கும். இதில் இல்லை.

மாற்றிய விதத்தை விரிவாகவே எழுதுகிறேன், இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

பதினைந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, தெரிந்த மெக்கானிக் அண்ணனின் பிட்டில் நிறுத்தினோம். முதலில் கழற்ற வேண்டியது மேலே பக்கவாட்டில் இருக்கும் ஃபில்லர் பிளக். கீழே உள்ள டிரெயின் பிளக்கை அவசரப்பட்டு முதலில் கழற்றி ஆயிலை எல்லாம் விட்டுவிட்டு, ஃபில்லர் பிளக் இறுகிப்போய் வரவே இல்லையென்றால் வண்டி அங்கேயே நிற்கும். அண்ணன் இதை எனக்குச் சொல்லவில்லை, கை தானாக மேலே போனது, நான் கேட்ட பிறகு காரணம் சொன்னார்.

டிரெயின் பிளக்கின் நுனியில் காந்தம். அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒரு பசை அப்பியிருந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன், வழவழவென்று இருந்தது, உறுத்தவில்லை. அது சாதாரணத் தேய்மானம். செதில் செதிலாகவோ, நகத்தில் குத்துகிற மாதிரி துண்டாகவோ இருந்தால்தான் பயப்பட வேண்டும். ஆனால் ஆயிலை வெட்டிய கேனில் பிடித்து வெயிலில் கொண்டுபோய் வைத்துச் சாய்த்துப் பார்த்தபோது மனசு கனத்தது. பட்டுப்புடவை ஜரிகையைத் தூளாக்கிக் கரைத்த மாதிரி பொன்னிறத் துகள்கள் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தன. காந்தத்தில் ஒட்டாது அது. பித்தளை. என் இரண்டாவது கியர் ரிங், கொஞ்சம் கொஞ்சமாக.

இன்னொன்றும் தெரிந்தது. வந்தது ஒன்றே முக்கால் லிட்டர்கூட இல்லை. கையேட்டின்படி இரண்டு லிட்டருக்கு மேல் பிடிக்க வேண்டும். ஜூனில் வண்டியை ஒரு பக்கம் மட்டும் ஜாக்கியில் தூக்கிவைத்து, ஓட்டையில் வழிந்ததும் நிறைந்துவிட்டது என்று மூடியிருக்கிறார்கள். நான்கு சக்கரமும் சமமாக நின்றால்தான் ஃபில்லர் ஓட்டையின் விளிம்பு சரியான மட்டம். பல முன்சக்கரப் பெட்டிகளில் ஐந்தாவது கியர் ஓரத்தில் தனியாக, உயரத்தில் உட்கார்ந்திருக்கும், ஆயில் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். நான் வாரம் ஒருமுறை பைபாஸில் ஐந்தாவதில் போகிறவன்.

புது வாஷர் இரண்டு போட்டு, ஓட்டையில் வழியும் வரை ஊற்றி மூடினோம். பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாமல் அண்ணனின் வேஸ்ட் ஆயில் பேரலில் கொட்டினேன்.

27 நவம்பர், காலை 8.20

முதல் சிக்னல். மூன்றிலிருந்து இரண்டு. சத்தம் இல்லை. அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

3 டிசம்பர்

ஒரு வாரக் கணக்கு. மூன்று, நான்கு, ஐந்து கியர்கள் புது வண்டி மாதிரி. இரண்டாவது தினமும் காலையில் ஒரு தடவை லேசாக முனகுகிறது, அவசரமாகத் தள்ளினால் மட்டும். ரிவர்ஸ் முன்போலவே 'டக்'கென்று இடிக்கிறது. நின்ற இடத்தில் முதல் கியரும் டைட்.

ரிவர்ஸ் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பல கார்களில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோவே கிடையாது, எந்த ஆயிலும் அதைச் சரிசெய்யாது என்று. சரிதான். ஆனால் முதல் கியர்?

10 டிசம்பர்

திருத்தம், பெரிய திருத்தம். பழி முழுவதையும் ஆயில் மேல் போட்டிருந்தேன். அது நியாயமில்லை.

அண்ணன் ஒரு சோதனை சொன்னார். எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில், கிளட்சை முழுக்க மிதித்து, மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு, அப்புறம் ரிவர்ஸ் போட வேண்டும். கிளட்ச் முழுக்க விடுபட்டிருந்தால் அந்த ஐந்து நொடியில் உள்ளே சுழல்வது நின்றுபோகும், ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழும். எனக்கு எண்ணிய பிறகும் இடித்தது. கிளட்ச் கேபிள் நீண்டுபோய், பெடலை அடிவரை மிதித்தாலும் தட்டு கொஞ்சம் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அட்ஜஸ்ட் நட்டை நாலைந்து சுற்று திருப்பினார். முதல் கியரும் ரிவர்ஸும் ஒரே நிமிடத்தில் சரி. இரண்டாவதின் முனகலும் பாதி குறைந்துவிட்டது.

கிளட்ச் உரசினால் பாவம் அந்தச் சின்ன ரிங், எஞ்சினையே எதிர்த்துப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. அதன்மேல் வழுக்குகிற ஆயிலும் சேர்ந்தால் தேயாமல் என்ன செய்யும். ஆகவே கியர் உரசுகிறது என்று வருகிறவர்கள் ஆயில் வாங்கப் போவதற்கு முன்னால் இந்த ஐந்து நொடிச் சோதனையைச் செய்துவிடுங்கள், காசு செலவில்லை.

22 டிசம்பர்

திண்டுக்கல்லிலிருந்து ஜீப் வைத்திருப்பவர் கேட்டது: என் வண்டிக்கும் ஜிஎல்-4 போதுமா?

உங்கள் வண்டியில் இரண்டு தனித்தனிப் பெட்டி. முன்னால் கியர் பாக்ஸ், பின்னால் கிரவுன் பினியன். கியர் பாக்ஸுக்குக் கையேடு ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4. பின்னால் கண்டிப்பாக ஜிஎல்-5. மாற்றி ஊற்றினால் கியர் பாக்ஸில் உரசல், பின்னால் அதைவிட மோசம், பற்களே போய்விடும். ஒரே டப்பா வாங்கி இரண்டிலும் ஊற்றிச் செலவைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். என்னுடையது போல எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் முன்சக்கரக் காரில், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பங்கிடும் டிஃபரன்ஷியல் கியர் பாக்ஸுக்குள்ளேயே இருக்கும், ஆனால் அதில் இருப்பது சாதாரணச் சாய்வுப் பற்கள்தான், அதனால் ஜிஎல்-4 இரண்டுக்கும் போதும்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. சுபாரு கார்களில் எஞ்சின் நெடுக்காக இருக்கும், முன் டிஃபரன்ஷியலின் ஹைபாய்டு பற்கள் (கிரவுன் பினியன் மாதிரி வழுக்கிக்கொண்டே உருள்பவை) கியர் பாக்ஸோடு ஒரே ஆயிலைப் பங்கிட்டுக்கொள்ளும். அங்கே கம்பெனியே ஜிஎல்-5 கேட்கிறது, அதற்கேற்ற சிங்க்ரோவும் கலவையும் வைத்திருக்கிறார்கள். ஆக "கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-5 எப்போதும் கூடாது" என்று நான் இங்கே எங்காவது எழுதியிருந்தால் அது தப்பு. கையேடு கேட்காதபோது கூடாது.

24 டிசம்பர்

"அப்படியென்றால் எஞ்சின் ஆயில் ஊற்றுகிறவர்கள் முட்டாள்களா?" என்று சூடாக ஒரு கேள்வி. இல்லவே இல்லை. ஹோண்டா ரொம்ப நாள் தன் மேனுவல் கியர் பாக்ஸுகளுக்கு 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலையே சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் எம்டிஎஃப் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தது, அது கிடைக்காத அவசரத்துக்குத் தற்காலிகமாக எஞ்சின் ஆயில் போடலாம் என்றும் எழுதிவைத்தது. 1959இல் வந்த மினியில் கியர் பாக்ஸ் எஞ்சினின் ஆயில் சம்ப்புக்குள்ளேயே இருந்தது, இரண்டுக்கும் ஒரே ஆயில். நம் பைக்குகள் இன்றைக்கும் அப்படித்தானே. அமெரிக்காவில் போர்க்வார்னர் டி-5 'வேர்ல்டு கிளாஸ்', டிரெமெக் டி-56 போன்ற மேனுவல் பெட்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியரின் சிவப்பு ஆயிலையே சொல்லியிருக்கிறார்கள். அந்த டி-5இன் ரிங்குகளில் நார் மாதிரி ஒரு பொருளை ஒட்டியிருப்பார்கள், அதில் கெட்டியான கியர் ஆயில் போட்டால் கெட்டுப்போகும்.

ரிங் எதனால் செய்தது, அதற்கு எவ்வளவு பிடி வேண்டும், பற்கள் எப்படிப்பட்டவை, எல்லாம் பெட்டியை வடிவமைத்தவர்களுக்குத்தான் தெரியும். கையேட்டின் அந்த ஒற்றை வரி அங்கிருந்து வருகிறது. நான் கடைக்காரரைவிட, மெக்கானிக்கைவிட, என்னைவிட அந்த வரியை நம்புவது அதனால்தான்.

16 ஜனவரி 2024

பொங்கல் விடுமுறையில் ஊட்டி. இதைத்தான் காத்துக்கொண்டிருந்தேன். காலை ஆறரைக்குத் தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாக இருந்தது. கண்ணாடியைச் சுரண்டிவிட்டு வண்டி எடுத்தேன். லீவர் கொஞ்சம் பாரமாக நகர்ந்தது, இரண்டாவது ஒரே ஒரு தடவை தயங்கியது, அவ்வளவுதான். போன ஆண்டு செப்டம்பரில் இதே சாலையில், இவ்வளவு குளிர்கூட இல்லாமல், மூன்று கிலோமீட்டர் வரை இரண்டாவதே விழவில்லை.

இறங்கும்போதுதான் உண்மையான பரீட்சை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இரண்டாம் கியரில் இறங்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள், பிரேக் சூடேறிப் பிடி இழக்காமல் இருக்க அதுதான் வழி. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னால் மூன்றிலிருந்து இரண்டு. சரியான நேரத்தில் அந்தக் கியர் விழாவிட்டால், நியூட்ரலில் ஒரு கணம் வண்டி தன் பாட்டுக்கு ஓடுமே, செப்டம்பரில் பர்லியாருக்கு மேலே எனக்கு அப்படி ஆனது. பின் சீட்டில் மனைவியும் பையனும். நான் ஏன் ஒரு ஆயில் டப்பா விஷயத்துக்கு இத்தனை பக்கம் எழுதுகிறேன் என்று கேட்டவருக்கு இது பதில். இந்தத் தடவை ஒரு வளைவில்கூடச் சத்தமில்லை.

4 பிப்ரவரி

இரண்டாம் முறையும் ஆயில் மாற்றினேன். டிரெயின் செய்தாலும் மூலைகளில் பழையது கொஞ்சம் தங்கும், மிச்சமிருக்கும் ஜிஎல்-5ஐயும் துகளையும் வெளியேற்றிவிடலாம் என்றுதான். இதை எல்லோரும் செய்ய வேண்டியதில்லை. ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் தெளிவாக வந்தது. ஜரிகை மின்னுகிறதா என்று ரொம்ப நேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக, எண்ணிவிடலாம்.

21 ஏப்ரல்

வெயில் 39. டிசம்பரில் ஒருவர் கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்டது: கோடையில் 80 ரொம்ப இளக்கமாகிவிடாதா, 75டபிள்யூ-90 போட்டால் என்ன?

அப்போது "போடலாம், கெட்டி அதிகம் பாதுகாப்பு அதிகம்" என்று எழுதத்தான் நினைத்தேன். எழுதாதது நல்லதாயிற்று. இந்த மாதம் இரண்டு தடவை மதுரை போய்வந்தேன், உச்சி வெயிலில், ஐந்தாவதில் மணிக்கணக்கில். தாங்குருளிச் சத்தமோ ஊளையோ எதுவும் இல்லை. காரணமும் தெளிவு: வெளியே 39 என்றாலும் பெட்டிக்குள் இருக்கும் சூடு அதைவிட எவ்வளவோ மேல், அந்தச் சூட்டை வைத்துத்தான் 80 என்று முடிவு செய்திருக்கிறார்கள். ரொம்பத் தேய்ந்த பெட்டி, ஊளைச் சத்தம் போடுகிறது, எப்போதும் பாரம் ஏற்றுகிறீர்கள் என்றால் 75டபிள்யூ-90 ஜிஎல்-4 முயன்று பார்க்கலாம், காலைக் கியர் கொஞ்சம் பாரமாகும் என்று தெரிந்தே. ஜிஎல் எண்ணை மட்டும் மாற்றாதீர்கள்.

ஈரோட்டு நண்பர் நேற்றுத் திரும்ப வந்து எழுதியிருக்கிறார். கடைக்காரரிடம் சொல்லி வைத்து, பத்து நாள் காத்திருந்து, 75டபிள்யூ-80 ஜிஎல்-4 வரவழைத்து மாற்றிவிட்டாராம். கியர் முன்பும் நன்றாகத்தான் விழுந்தது, இப்போதும் நன்றாகவே விழுகிறது என்கிறார். நான் படித்ததிலேயே மனசுக்கு நிறைவான பதில் அதுதான்.

நான் ஒன்று செய்திருக்கிறேன். வெள்ளை பெயின்ட் மார்க்கர் வாங்கி, பானெட்டைத் திறந்தால் கண்ணில் படும்படி, பேட்டரிக்குப் பக்கத்தில் எழுதிவைத்தேன்: "கியர் ஆயில் 75டபிள்யூ-80, ஜிஎல்-4 மட்டும். வேறு ஊற்றும் முன் போன் செய்யவும்." போன வாரம் எஞ்சின் ஆயில் மாற்ற விட்டிருந்த இடத்தில், வேலை பார்க்கும் தம்பி அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "ஏன் சார், எங்க டிரம்ல இருக்கறது ஆகாதா?" என்று கேட்டான். பத்து நிமிடம் நின்று சொன்னேன். போகும்போது பார்த்தேன், டிரம்மின் லேபிளைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தான்.